நாலு பிளேட்டும் ஒரு காந்தமும்

சவர பிளேட் ஒன்றின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். நாலை அடுக்கினால் 0.4. மொறிஸ் மைனர் காரின் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கிற பொயின்ற் முழுதாகத் திறந்து நிற்கும்போது விடவேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டிஸ்ரிபியூற்றரைச் செய்த லூக்காஸ் கொம்பனியின் கணக்கில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீற்றர். ஃபீலர் கேஜ் கிடைக்காத இடத்தில் நாலு பிளேட் போதும்.

1990களின் வன்னி அப்படி ஓர் இடம். 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பின் வடக்குக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் மறித்த பொருள்களில் பெற்றோலும் இருந்தது, பற்றரியும் இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் வெறுமையானது. அங்கிருந்து புறப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் அடுத்த மாதங்களில் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது தடையும் கூடவே வந்து சேர்ந்தது. 2002 தொடக்கத்தில் அது தளரும்வரை சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்ட சனம் அது. இந்த அத்தியாயம் மின்பொறியைப் பற்றியது. ஆனால் வன்னியில் அந்தக் கதையை மண்ணெண்ணெயிலிருந்துதான் தொடங்கவேண்டும். வாகனம் வைத்திருந்தவனுக்குக் கட்டுப்பாடுகளுக்குள்ளும் ஏதோ அளவில் கிடைத்த எரிபொருள் அதுதான்.

பெற்றோல் இஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை வடக்கின் கமக்காரர் முன்பே அறிந்திருந்தார்கள். கிணற்றடியில் நின்ற இறைப்பு மெசின் அப்படித்தான் ஓடியது: பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. பிரித்தானியாவில் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையை இதற்கென்றே செய்து விற்றார்கள். அவற்றில் புகைபோக்கிச் சூட்டால் எரிபொருளை ஆவியாக்கும் அமைப்பு இருந்தது, அமுக்க விகிதமும் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ40க்கும் மொறிஸ் மைனருக்கும் அந்தச் சலுகை கிடையாது. பெற்றோலுக்கென்று பிறந்த கார்கள் அவை. ஒரு சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றர் வாய்க்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணவேண்டும். அந்தத் துளிகள் எரிந்து தீர்வதற்குள் இஞ்சின் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொண்டால் பயணம் தொடங்கும். பிடிக்காவிட்டால் இன்னும் சில துளி.

ஏன் பிடிக்காது? பெற்றோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயின் மேற்பரப்பில் தீப்பற்றக்கூடிய ஆவி சேர அது குறைந்தது 38 பாகை செல்சியசாவது சூடாகவேண்டும். சித்திரை மாதத்து வன்னி நிழல்கூட அதற்குச் சற்றுக் குறைவு. ஆகவே குளிர்ந்த இஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் ஆவியாக வராமல் துளியாக வரும். துளி பிளக்கை நனைக்கும், சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலுக்குள் இறங்கும், அரைகுறையாக எரிந்து கரியாகப் படியும். ஊரே அறிந்த அந்த வெள்ளைப் புகையும் மூக்கை அரிக்கும் மணமும் எரியாமல் வெளியேறிய மண்ணெண்ணெய்தான்.

இஞ்சின் சூடானபின் வேறொரு தொல்லை. அமுக்கத்தைத் தாங்கி, பொறி வரும்வரை தானாகப் பற்றாமல் பொறுத்திருக்கும் குணத்தை ஒக்ரேன் எண் சொல்கிறது. இன்று எங்கள் நிரப்பு நிலையங்களில் விற்பது 92, 95. மண்ணெண்ணெய் அதில் பாதிகூடத் தேறாது. பொறி பற்றவைத்த தீ ஒரு பக்கம் பரவிக்கொண்டிருக்கையில் மற்றப் பக்கத்து மூலையில் கிடக்கிற கலவை பொறுமையிழந்து தானாக வெடிக்கும். அதுதான் ‘நொக்’. தகரத்தில் ஆணியால் தட்டுகிற மாதிரிச் சத்தம் வரும். சோமசெற் என்று எல்லோரும் சொன்ன 1952-54 காலத்து ஏ40 கலவையை ஏழு மடங்கு அளவில்தான் அமுக்கும், ஆகவே அது ஓரளவு சகித்துக்கொண்டது. ஒன்பது, பத்து மடங்கு அமுக்கும் பிந்திய காலக் கார்கள் இந்த எண்ணெயில் உடனே இடிக்கத் தொடங்கிவிடும். பழசு புதுசை வென்ற அபூர்வமான பந்தயங்களில் இது ஒன்று.

சகித்துக்கொள்ள வைப்பதற்கு மெக்கானிக்கின் கையில் இருந்த ஒரே திருகு ரைமிங். டிஸ்ரிபியூற்றரின் இறுக்கத்தைத் தளர்த்தி, உடலைச் சுழற்சித் திசையிலேயே மயிரிழை திருப்பினால் பொறி கொஞ்சம் பிந்தும். சத்தம் அடங்கும்வரை பிந்தவிட்டு, இழுவை செத்துப்போக முன்னர் நிறுத்தவேண்டும். இதற்கு அளவுகோல் காதுதான். பிறகு 2002இல் பாதை திறந்து பெற்றோல் வந்தபோது அதே காதால்தான் பொறியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பொறிக்கு வருவோம். அமெரிக்கரான சார்ல்ஸ் கெற்றரிங் வகுத்து, 1912இல் கடிலாக் காரில் வந்த ஏற்பாடு அடுத்த அறுபது ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. கொயிலுக்குள் இரண்டு சுருள்கள். வெளிச்சுருளில் சில நூறு சுற்று, உட்சுருளில் அதைப்போல நூறு மடங்கு. பொயின்ற் மூடியிருக்கும்போது பற்றரியிலிருந்து வெளிச்சுருளுக்கு நாலு அம்பியர் வரை ஓட்டம் ஏறி ஒரு காந்தப்புலத்தைக் கட்டியெழுப்பும். பொயின்ற் திறந்ததும் ஓட்டம் அறும், புலம் சரியும். சரியும் புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று 1831இல் பரடே காட்டியது இங்கே நடக்கிறது. எவ்வளவு சடுதியாகச் சரிகிறதோ அவ்வளவு அழுத்தம். 12 வோற் பற்றரியிலிருந்து பத்தாயிரம், பதினையாயிரம் வோற் பிறப்பது இந்தச் சடுதியினால்தான். பொயின்றுக்குப் பக்கத்தில் விரல் நுனியளவு கொண்டென்சர் ஒன்று இருக்கும். திறக்கும் கணத்தில் பொயின்றுக்கு நடுவே தீப்பொறி பாய்ந்து ஓட்டம் இழுபட்டுப் போகாமல் தடுப்பது அதன் வேலை. கொண்டென்சர் செத்தால் பொயின்ற் கருகும், பிளக்கில் பொறி மஞ்சளாக மெலியும். புது மெக்கானிக் கொயிலை மாற்றுவான். பழையவன் கொண்டென்சரை மாற்றுவான்.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் பிறகு பிளக்கில் பாய்கிற சக்தி எவ்வளவு? சுமார் 0.05 யூல். சரியான விகிதத்தில் கலந்த பெற்றோல் ஆவியும் காற்றும் அசையாமல் நின்றால் அதைப் பற்றவைக்க அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பொறி பற்றவைத்த எரிபொருளோ, 948 சீசீ மைனரின் ஒரு சிலிண்டர் நிரம்ப உறிஞ்சினால், ஒவ்வொரு முறையும் எண்ணூறு யூல் அளவு வெப்பம் தரும். நெருப்புக்குச்சியைப் பெரிதாக்கினால் சோறு கூடுதலாகக் கொதிக்காது. ‘பலத்த பொறி, கூடுதல் இழுவை’ என்று விளம்பரம் பண்ணும் கொயில்களையும் மும்முனைப் பிளக்குகளையும் நான் சந்தேகத்தோடு பார்ப்பதன் காரணம் இந்தக் கணக்கு. ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருக்கிற இஞ்சினுக்குப் பத்து மடங்கு பொறியைக் கொடுத்தாலும் அதே எண்ணூறு யூல்தான்.

அப்படியென்றால் பொயின்றைத் தூக்கிவிட்டு இலத்திரனியல் மொடியூல் பூட்டுவது ஏன்? பொறியின் பருமனை விட அது பாயும் நேரமே இஞ்சினுக்குப் பெரிது.

ஏ9 வீதியில் மைனர் மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும்போது இஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று சுற்றும். நாலு சிலிண்டர், செக்கனுக்கு நூறு பொறி. அந்த வேகத்தில் ஒரு மில்லிசெக்கனுக்குள் அச்சுத்தண்டு 18 பாகை திரும்பிவிடும். கலவை எரிந்து முடிய இரண்டு மில்லிசெக்கன் எடுக்குமென்று வைத்தால் தீ பரவி முடிவதற்குள் தண்டு 36 பாகை தாண்டிவிடும். ஆகவே பிஸ்ரன் உச்சிக்கு வருமுன்னரே பொறி பாயவேண்டும், வேகம் கூடக்கூட இன்னும் முந்தவேண்டும். டிஸ்ரிபியூற்றருக்குள் இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் விரிந்து அதைச் செய்கின்றன. ஆனால் பொறியின் கணத்தைக் கடைசியில் தீர்மானிப்பது பொயின்றின் முதுகில் இருக்கும் ஒரு சிறு நார்க்கட்டை. நாலு முனையுள்ள தண்டு அதை இடித்து இடித்துத் திறக்கிறது. கட்டை தேய்ந்தால் இடைவெளி குறையும், பொறி பிந்தும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு நேரத்தில் பொறி விழும். கிறவல் வீதியின் செம்புழுதி மூடிக்குள் புகுந்து தேய்வுக்குத் துணைபோகும். மாரியில் மூடிக்குள் ஈரம் கட்டி, பொறி பிளக்குக்குப் போகாமல் மூடியின் வெடிப்பு வழியே எர்த்துக்கு ஓடும்.

மண்ணெண்ணெய்க் காலத்தில் இத்தனைக்கும் மேலே கரி. பிளக்கின் பீங்கானில் படிந்த கரி மின்சாரத்தைக் கடத்தும். கொயில் கட்டியெழுப்புகிற அழுத்தம் பொறியாகப் பாயும் அளவுக்கு ஏறுவதற்குள் கரி வழியே கசிந்துவிடும். ஓட்டை வாளியால் கிணற்றில் அள்ளுகிற மாதிரி: மெதுவாக இழுத்தால் மேலே வரும்போது ஒன்றும் மிஞ்சாது, வெட்டி இழுத்தால் அரை வாளியாவது தேறும். சீ.டி.ஐ. என்கிற கொண்டென்சர் வகைப் பற்றவைப்பு அந்த வெட்டி இழுக்கும் ஆள். சாதாரண கொயிலில் அழுத்தம் ஏற எடுக்கும் நேரத்தில் சிறு பங்கிலேயே அது உச்சிக்குப் போய்விடும். அந்தப் பெட்டி கைக்குக் கிடைக்காதவர்கள் பிளக்கைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, நெருப்பில் காட்டி மறுபடி பூட்டினார்கள். பொயின்றின் முகத்தை உரசுவதற்கு நெருப்புப்பெட்டியின் பக்கவாட்டு இருந்தது.

போருக்குப் பின் புதுக் கார்கள் வந்தன, மைனர்கள் ஒதுங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் விலை ஏறி, மரத்தடியில் நின்ற பழசுகளெல்லாம் மறுபடி மதிப்புப் பெற்றன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளியான மொறிஸ் மைனர், 1971இல் உற்பத்தி நிற்கும்வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. தென்னிலங்கையில் அதற்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். கிளிநொச்சியில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரின் மைனருக்கு அண்மையில் மொடியூல் பூட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கராச் என்று சொன்னாலும் அது ஒரு பாலை மரமும் நாலு தகரமும்தான்.

மொடியூல் தீப்பெட்டியை விடச் சிறியது. பொயின்றையும் கொண்டென்சரையும் கழற்றிய இடத்தில் அது உட்காரும். நாலுமுனைத் தண்டின் மேல் ஒரு பிளாஸ்ரிக் வளையத்தை அழுத்திச் செருகவேண்டும். வளையத்துக்குள் நாலு காந்தங்கள். 1879இல் எட்வின் ஹோல் என்ற அமெரிக்க மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைக் காந்தத்துக்கு நடுவே வைத்தபோது, ஓட்டத்துக்குக் குறுக்காக ஒரு சிறு அழுத்தம் தோன்றக் கண்டார். ஓடும் மின்னேற்றங்களைக் காந்தம் ஓர் ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. அதே விளைவுதான் இந்தச் சிறு பெட்டிக்குள்ளும் இருக்கிறது. காந்தம் ஒன்று எதிரே வந்து போகும்போதெல்லாம் உணரி அதை அறிந்து ஒரு டிரான்சிஸ்ரருக்குச் சொல்ல, அது கொயிலின் ஓட்டத்தை அறுக்கும். எதுவும் எதையும் தொடுவதில்லை. தேய நார்க்கட்டை இல்லை, கருகப் பொயின்ற் இல்லை. தண்டு ஆடினால் காந்தமும் ஆடும் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பிழை பொயின்றில் வருவதை விட மிகக் குறைவு.

பூட்டுகிற வேலை அரை மணித்தியாலம். அதற்கு முன்னர் மெக்கானிக் பற்றரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மாஸ்ரர், உங்கட கார் பிளஸ் எர்த். இதை அப்பிடியே பூட்டினா ஒரு செக்கனிலை செத்துப்போம்.”

“முந்தி நீர் பொயின்ற் மாத்தேக்கை இந்தக் கதை சொல்லேல்லையே தம்பி?”

“பொயின்றுக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான் மாஸ்ரர்.”

பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பொயின்ற் வெறும் கதவு, எந்தத் திசையில் போனாலும் விடும். டிரான்சிஸ்ரர் ஒருவழிப் பாதை. நேர் எர்த்துக்கென்றே செய்த மொடியூல் வாங்கலாம், அல்லது காரையே மாற்றலாம். ஆசிரியர் வாங்கி வந்தது மற்ற வகை, ஆகவே காரை மாற்றினார்கள். பற்றரி முனைகளை மாற்றியாயிற்று. ஸ்ரார்ட்டர் மோட்டாருக்குக் கவலையில்லை: அதன் புலச்சுருளிலும் சுழலும் சுருளிலும் ஓட்டம் சேர்ந்தே திரும்புவதால் அது பழைய திசையிலேயே சுற்றும். டைனமோவுக்கு மட்டும் ஒரு சிறு சடங்கு உண்டு. அதன் இரும்பில் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தத்தன்மையைத் திருப்பவேண்டும். பற்றரியிலிருந்து ஒரு கம்பியை டைனமோவின் புல முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். சிறு பொறி பறந்தது, வடக்கு தெற்காயிற்று.

கொயிலின் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பூட்டினார். அதைச் செய்யாமல் விட்டாலும் கார் ஓடும், ஆனால் பொறி தலைகீழாகப் பாயும். பிளக்கின் நடுக்கம்பி சூட்டில் கொதிப்பது. சூடான உலோகத்திலிருந்து இலத்திரன் எளிதாகக் கிளம்பும். ஆகவே நடுக்கம்பி எதிர்முனையாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே பொறி பாயும். கொயிலின் தடையையும் மீற்றரால் அளந்து பார்த்தார்: 3 ஓம். அதில் பாதித் தடையுள்ள கொயில் என்றால் எட்டு அம்பியர் ஓடி மொடியூலைப் பொசுக்கிவிடும்.

கடைசியாகப் பிளக் வயர்கள். செப்புக் கம்பி வயர்களைக் கழற்றி, தடை உள்ள கரி வயர்களைப் போட்டார். ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம். 1880களின் பிற்பகுதியில் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை முதன்முதலில் உண்டாக்கியதே பொறியைக் கொண்டுதான். அந்த அலை மொடியூலின் உணரியைக் குழப்பக்கூடும். தடைக் காலத்தில் தமிழோசை கேட்டுக்கொண்டிருந்த வீட்டுப் படலையடியில் ஒரு மண்ணெண்ணெய்க் கார் வந்து நின்றால் செய்தி படபடவென்று பொரியும். சத்தத்தின் வேகம் குறைவதைக் கேட்டே இஞ்சின் ஓயப்போகிறது என்று சொல்லிவிடலாம்.

ரைமிங் வைக்கும் இடத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. மொடியூல் வைத்த நேரத்தைக் காப்பாற்றும். எந்த நேரத்தில் வைப்பது என்று அதற்குத் தெரியாது. மெக்கானிக் இஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ரிபியூற்றரை ஒரு கையால் பிடித்து, தலையைச் சாய்த்துக் கேட்டபடி திருப்பினார். மண்ணெண்ணெய்க் காலத்தில் பழகிய காது அது. பொயின்றில் தடுமாறிக்கொண்டிருந்த ஓய்வு நிலைச் சத்தம் ஒரே தாளத்துக்கு வந்தது. எண்ணெய்ச் செலவில் கொஞ்சம் மிச்சம் வரலாம், ஆனால் அது முன்பு சரியில்லாமல் இருந்த ரைமிங் சரியானதால் வரும் மிச்சம். 5000 சுற்றில் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் போதாமல் கொயில் அரைகுறையாக நிரம்பும், இலத்திரனியல் அதைத் தீர்க்கும் என்றும் சொல்வார்கள். மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் போய்வருகிற மைனருக்கு அந்த வரம் எதற்கு?

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். பொயின்ற் சாகும்போது சொல்லிக்கொண்டு சாகும்: இடறும், இருமும், இரண்டு கிழமை அவகாசம் தரும். நெருப்புப்பெட்டியும் பிளேட்டும் இருந்தால் கனகராயன்குளத்துக் காட்டுக்குள்ளும் உயிர்ப்பிக்கலாம். மொடியூல் சொல்லாமல் சாகும், திறந்து பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இன்னொன்று பஸ்ஸில் வந்து சேரும்வரை கார் நிற்கும் இடத்தில் நிற்கும். 2022இல் டொலர் தட்டுப்பாடாகி எரிபொருளுக்கு கியூ.ஆர். வரிசை நின்றபோது வன்னியில் பலருக்கும் பழைய வித்தை நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் அந்த ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குத் தாவியதோடு அந்தக் கணக்கும் சரிவரவில்லை.

கழற்றிய பொயின்றையும் கொண்டென்சரையும் அவற்றின் தட்டோடு பேப்பரில் சுற்றி ஆசிரியர் டாஷ்போட் தட்டில் வைத்தார். மறுநாள் அவருக்கு வவுனியாவில் அலுவல். மெக்கானிக் கை துடைத்தபடி கார்க் கண்ணாடிக்குள் குனிந்தார். இஞ்சின் நின்றிருக்கத் திறப்பு மட்டும் ஒன்னில் கிடந்தால் நாலு அம்பியர் ஓயாமல் ஓடி, 48 வாற் சூடு முழுதும் கொயிலிலும் அந்தச் சிறு பெட்டியிலும்தான் இறங்கும்.

“மாஸ்ரர், முறிகண்டியிலை பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க இறங்கேக்கை திறப்பைக் கழட்டிக்கொண்டு போங்கோ.”